சைடுகார் பூட்டிய மோட்டார் சைக்கிளின் முன்புறம்

மோட்டார் சைக்கிளின் பக்கத்தில் ஒரு தொட்டியையும் ஒரு சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டிவிட்டால் அது சைடுகார் வண்டி ஆகிவிடும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். பூட்டுவது ஒரு நாள் வேலை. அதன்பின் அந்த வண்டியைத் திருப்புவதற்குத் தோள் வலிக்க வலிக்க உழைப்பது ஆண்டுக்கணக்கான வேலை. இதற்குக் காரணம் எஞ்சினில் இல்லை, சைடுகாரிலும் இல்லை. வண்டியின் முன்புறத்தில், ஹாண்டிலுக்கும் தரைக்கும் இடையே இருக்கிறது. அந்தக் காரணத்தையும், அதனை நீக்கும் வழியையும் இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன். நமது சங்க மலரைப் பொறியியல் பயிலும் நண்பர்கள் மட்டுமன்றி இலக்கியமும் பொருளாதாரமும் பயிலும் நண்பர்களும் படிக்கிறார்கள். ஆகவே கணக்கு ஒரே ஒரு இடத்தில்தான் வரும். அதையும் தாண்டிச் செல்ல விரும்புவோர் தாண்டிச் செல்லலாம்.

இந்த விஷயத்தில் எனக்கு அக்கறை பிறந்தது ஒரு பெரியவரால். புனே நகரத்தின் கட்கிப் பகுதியில் வாழும் தமிழர் அவர். வட ஆர்க்காட்டிலிருந்து வந்து, அங்குள்ள தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். திருவொற்றியூரில் 1971-இல் செய்யப்பட்ட புல்லட் வண்டி ஒன்றைப் பழைய வண்டியாகத் தம் இளமையில் வாங்கி, இன்றளவும் ஓட்டி வருகிறார். அவருடைய மனைவிக்குச் சிறுநீரகக் கோளாறு. வாரத்தில் மூன்று நாள் விடியற்காலையில் டயாலிசிஸ் செய்துகொள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். பின் இருக்கையில் ஏறி அமரும் வலு அந்த அம்மையாருக்கு இல்லை. ஆகவே வண்டிக்கு ஒரு சைடுகார் பூட்டி, பதிவுப் புத்தகத்திலும் ஏற்றிக்கொண்டார். போக வர வாரம் ஆறு நடை. எழுபது வயதில் அவருடைய வலது தோள் மடக்க முடியாதபடி பிடித்துக்கொண்டது.

"தம்பி, வண்டி ஓடுது. என் தோள்தான் ஓடமாட்டேங்குது. ஆட்டோவுக்குக் கொடுக்கிற காசுக்கு மாசத்து மருந்தே வாங்கிடலாம். இதை வித்துப்போடுறதா, இல்லை ஏதாவது செய்ய முடியுமா, நீ படிச்ச பிள்ளை, பார்த்துச் சொல்லு" என்று அவர் என்னிடம் கேட்டார்.

சாய்ந்து திரும்புவதும் சாயாமல் திரும்புவதும்

இரண்டு சக்கர வண்டி திருப்பத்தில் சாய்கிறது. சைக்கிள் ஓட்டிய எவருக்கும் இது தெரியும். ஓட்டுபவர் உடலால் வண்டியைச் சாய்க்க, வண்டி தானே வளைந்து செல்கிறது. ஹாண்டிலைப் பெரும்பாலும் தொட்டுக்கொண்டிருந்தால் போதும். சைடுகார் பூட்டிய வண்டியோ சாயாது. மூன்று கால் முக்காலியைப் போல அது தரையில் நிலையாக நிற்கிறது. அதைத் திருப்ப வேண்டுமானால் ஹாண்டிலைக் கைவலிமையால் திருப்பித்தான் ஆக வேண்டும். இந்த வலிமை எவ்வளவு வேண்டும் என்பதை நிர்ணயிப்பதே 'டிரெயில்' என்னும் அளவு.

டிரெயில் என்றால் என்ன? கடைகளில் நாம் தள்ளிச் செல்லும் சாமான் வண்டியின் முன் சக்கரத்தைக் கவனியுங்கள். சக்கரம், தான் சுழலும் முளைக்கு நேர் கீழே இல்லாமல் சற்றுப் பின்தங்கி இருக்கும். வண்டியைத் தள்ளியதும் அது முளையைத் தொடர்ந்து, தாயின் பின்னே செல்லும் கன்றைப் போல, நேராக வந்துவிடும். மோட்டார் சைக்கிளிலும் இதே ஏற்பாடு மறைந்திருக்கிறது. ஹாண்டில் சுழலும் தண்டு செங்குத்தாக இல்லை. அதன் மேல்முனை ஓட்டுபவர் பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. அந்தத் தண்டின் கோட்டை அப்படியே கீழே நீட்டினால், அது தரையைத் தொடும் புள்ளி, டயர் தரையைத் தொடும் புள்ளிக்கு முன்னால் விழும். இவ்விரு புள்ளிகளுக்கும் இடைப்பட்ட தூரமே டிரெயில். தனியாக ஓடும் வண்டிகளில் இது பெரும்பாலும் 80 முதல் 120 மி.மீ. வரை இருக்கும்.

தனி வண்டிக்கு இது உயிர்நாடி போன்றது. கையை லேசாக விட்டாலும் சக்கரம் நேராக நிற்பதற்கு அதுவே பெரும் துணை. ஆனால் சைடுகார் வண்டியில் அதே டிரெயில் நமக்கு எதிராக வேலை செய்கிறது. திருப்பத்தில் சாலை முன் டயரைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் தண்டின் கோட்டுக்குப் பின்னால் விழுவதால், சக்கரத்தை மீண்டும் நேராக்கவே முயல்கிறது. டிரெயில் எவ்வளவு நீளமோ, அவ்வளவு நீளமான நெம்புகோல் அது. நாம் ஒரு பக்கம் இழுக்க, சாலை மறுபக்கம் இழுக்கும். இந்த இழுபறியில் தோற்பது பெரியவரின் தோள்.

சைடுகார் வண்டி கவிழாமல் நிற்க டிரெயில் தேவையில்லை; மூன்று சக்கரங்கள் அதைப் பார்த்துக்கொள்ளும். எனவே டிரெயிலைக் குறைக்கலாம். முற்றிலும் நீக்கிவிடக் கூடாது. நீக்கினால் சக்கரம் நேராகத் திரும்பும் குணத்தையே இழந்துவிடும். ஏறத்தாழப் பாதியாக, 40 முதல் 60 மி.மீ. வரை கொண்டுவருவதே வழக்கம்.

கொஞ்சம் கணக்கு

டிரெயிலை நிர்ணயிப்பவை மூன்று: சக்கரத்தின் ஆரம், தண்டின் சாய்வுக் கோணம், தண்டின் கோட்டிலிருந்து சக்கர அச்சு எவ்வளவு முன்னே தள்ளி நிற்கிறது என்ற அளவு. இந்த மூன்றாவதை 'முன்தள்ளல்' என்று வைத்துக்கொள்வோம். ஆரத்தைக் கோணத்தின் சைனால் பெருக்கி, முன்தள்ளலைக் கழித்து, மீதியைக் கோணத்தின் கோசைனால் வகுத்தால் டிரெயில் கிடைக்கும்.

பெரியவரின் வண்டியில் 19 அங்குலச் சக்கரம், 3.25 அங்குல டயர். ஆரம் ஏறத்தாழ 324 மி.மீ. சைடுகாருடன் நிறுத்தி நாங்கள் அளந்தபோது சாய்வு 27 டிகிரியும் முன்தள்ளல் 55 மி.மீ.யும் இருந்தன. 324-ஐ 27 டிகிரியின் சைனாகிய 0.454-ஆல் பெருக்க 147. அதில் 55 போக 92. அதனைக் கோசைனாகிய 0.891-ஆல் வகுக்க, டிரெயில் 103 மி.மீ. அதை 55 ஆக்க வேண்டுமானால் முன்தள்ளல் 98 மி.மீ. ஆக வேண்டும். அதாவது, அச்சை 43 மி.மீ. முன்னால் கொண்டுசெல்ல வேண்டும்.

இதனால் கைக்கு என்ன லாபம்? முன் சக்கரத்தின் மேல் 110 கிலோ சுமை இருப்பதாகவும், வண்டி 25 கி.மீ. வேகத்தில் 20 மீட்டர் ஆரமுள்ள வளைவில் செல்வதாகவும் கொள்வோம். ஒவ்வொரு கையும் ஏறத்தாழ மூன்றரைக் கிலோ விசையைத் தொடர்ந்து கொடுக்க வேண்டும் என்று கணக்கு சொல்கிறது. டிரெயிலை 55 ஆக்கினால் அது இரண்டு கிலோவுக்குள் அடங்கிவிடுகிறது. டயரின் நெகிழ்வினால் உண்மையில் இரண்டும் இதைவிடக் கொஞ்சம் கூடும். மூன்றரைக் கிலோ அற்பம் என்று இளைஞராகிய நமக்குத் தோன்றலாம். ஒவ்வொரு வளைவிலும், ஒவ்வொரு பள்ளத்திலும், வாரம் ஆறு நடை அதை இழுத்துப் பார்த்தால்தான் அதன் எடை தெரியும்.

பழைய உற்பத்தியாளர் கண்ட வழிகள்

இது புதிய கண்டுபிடிப்பு அன்று. சைடுகார் குடும்ப வாகனமாக இருந்த காலத்தில் நல்ல உற்பத்தியாளர்கள் இதனை நன்கு அறிந்திருந்தார்கள். இங்கிலாந்தின் வின்சென்ட் நிறுவனம் 1948-இல் வெளியிட்ட 'கிர்ட்ராலிக்' போர்க்கில், மையம் விலகிய உருளை ஒன்றைத் திருப்பினாலே டிரெயில் குறையும். ஸ்பிரிங்கின் விறைப்பும் சைடுகாருக்கு ஏற்ப மாறும். ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 1955 முதல் 1969 வரை, எர்னஸ்ட் எர்ல்ஸ் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் வகுத்த முன்புறத்தைத் தன் வண்டிகளில் பயன்படுத்தியது. அதில் சக்கரத்தைத் தாங்கும் கரத்தின் மூட்டாணிக்கு இரண்டு துளைகள் உண்டு. ஒன்று தனி ஓட்டத்துக்கு, முன்னால் இருக்கும் மற்றொன்று சைடுகாருக்கு. ஆணியை மாற்றிச் செருகினால் வேலை முடிந்தது.

எர்ல்ஸ் முறையில் சக்கரம், போர்க்கின் அடியில் நேராக மாட்டப்படுவதில்லை. போர்க்கின் கீழ்முனையில் ஒரு மூட்டு. அதிலிருந்து முன்னோக்கி நீளும் இரு கரங்கள். அவற்றின் நுனியில் சக்கரம். கரத்துக்கும் போர்க்குக்கும் இடையே ஷாக் அப்சார்பர். இதில் மூன்று நன்மைகள் உண்டு. முதலாவது, கரத்தின் நீளத்தையும் மூட்டின் இடத்தையும் கொண்டு முன்தள்ளலை நாம் வேண்டியவாறு அமைக்கலாம். இரண்டாவது, சாதாரணக் குழாய்ப் போர்க் பக்கவாட்டு விசையில் முறுக்கிக்கொள்ளும். சாய்ந்து திரும்பும் வண்டிக்கு அந்த விசை குறைவாதலால் அது பாதகமில்லை. சாயாத வண்டியில் அது பெருங்குறை. முன்கரப் போர்க் அவ்வளவு எளிதில் முறுக்கிக்கொள்ளாது. மூன்றாவது, பிரேக் பிடிக்கும்போது குழாய்ப் போர்க் குனியும். முன்கரப் போர்க், பிரேக் தட்டைக் கரத்தோடு இணைத்திருந்தால், சற்று நிமிரவே செய்யும். நோயாளி அமர்ந்த வண்டி ஒவ்வொரு பிரேக்குக்கும் தலைகுனிந்து எழாமல் இருப்பது சிறிய நன்மை அன்று.

நாங்கள் செய்தது

புனேயில் நானா பேட்டை என்றால் மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகங்களின் சந்தை. அங்கு நாற்பது ஆண்டுகளாகப் பட்டறை வைத்திருக்கும் மிஸ்திரி ஒருவரிடம் பெரியவர் என்னை அழைத்துச் சென்றார். மிஸ்திரி என் தாளைப் பார்த்தார்; வண்டியைப் பார்த்தார். "சாசியை அறுக்கக் கூடாது. பழைய சாமானில் ஒன்றையும் வெட்டக் கூடாது. இந்த இரண்டுக்கும் சம்மதமென்றால் செய்கிறேன்" என்று இந்தியில் சொன்னார். அந்த இரண்டு நிபந்தனைகளிலும் ஒரு பொறியியல் பாடம் முழுவதும் அடங்கியிருப்பதை நான் பிறகுதான் உணர்ந்தேன்.

புல்லட்டில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. முன்விளக்கைத் தாங்கும் வார்ப்புக் கூடே போர்க்கின் மேல் பிடிப்பாகவும் இருக்கிறது. ஆகவே மேல் பிடிப்பை மட்டும் மாற்றி முன்தள்ளலைக் கூட்டுவது சுலபமன்று. நாங்கள் பழைய போர்க்கை முழுவதுமாகக் கழற்றி, எண்ணெய் பூசிச் சாக்கில் கட்டி வைத்தோம். தண்டின் பேரிங்குகள் இருந்தபடியே இருந்தன. புதிய தண்டு, மேலும் கீழும் கனமான எஃகுத் தகடுகள், இடையே இணைப்பில்லாத எஃகுக் குழாய்கள், கீழே முன்கரங்கள், மூட்டுகளில் வெண்கல புஷ்களும் கிரீஸ் நிப்பிள்களும், சுமைக்கு ஏற்ற இரு ஷாக் அப்சார்பர்கள்: இவ்வளவே புதிய முன்புறம். வண்டியின் முன்பக்க உயரம் மாறாதபடி பார்த்துக்கொண்டோம். முன்புறம் உயர்ந்தால் தண்டின் சாய்வு கூடும். சாய்வு கூடினால் டிரெயிலும் கூடும். செய்த வேலையின் பயன் அந்த அளவுக்குக் குறைந்துவிடும்.

வெல்டிங்கைக் கண்ணால் பார்த்து நம்புவதில்லை என்பதில் மிஸ்திரியும் நானும் ஒன்றுபட்டோம். கல்லூரிப் பட்டறையில் சாயச் சோதனை செய்தோம். சிவப்புச் சாயத்தைப் பூசித் துடைத்துவிட்டு, மேலே வெள்ளைப் பொடியைத் தெளிக்க வேண்டும். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த சாயம் சிவப்புக் கோடாகக் கசியும். பதினாறு பற்றுகளில் ஒன்றில் மயிரிழைபோல ஒரு கோடு தெரிந்தது. மிஸ்திரி ஒரு வார்த்தை பேசவில்லை; கிரைண்டரை எடுத்து அதை முழுவதும் அரைத்தெறிந்துவிட்டு மீண்டும் பற்றவைத்தார். மறுசோதனையில் வெண்மை வெண்மையாகவே இருந்தது. அந்த ஒரு கோடு சாலையில் பிளந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எழுத வேண்டியதில்லை.

சோதனைக்கென்று முதலில் ஒரு ஜோடிக் கரங்கள் செய்திருந்தோம். அவற்றில், பின் சக்கரத்தில் சங்கிலியை இறுக்குவதற்கு இருப்பதுபோல நீண்ட துளை; அச்சை மூன்று இடங்களில் கட்டை வைத்து இறுக்கலாம். டிரெயில் முறையே 70, 55, 40 மி.மீ. ஆட்கள் இல்லாத மைதானத்தில், அனுமதி பெற்று, சைடுகாரில் அம்மையாருக்குப் பதிலாக அறுபது கிலோ மணல் மூட்டையை உட்கார வைத்துப் பெரியவரே ஓட்டிப் பார்த்தார். எழுபதில், "கொஞ்சம் தேவலை" என்றார். நாற்பதில் விரலால் திருப்பலாம் போல் இருந்தது. ஆனால் 25 கி.மீ. வேகத்தை நெருங்கும்போது ஹாண்டில் இருபுறமும் படபடவென்று உதறியது. டிரெயில் குறைந்த சைடுகார் வண்டிகளுக்கு இந்த உதறல் இயற்கையான நோய். ஐம்பத்தைந்தில் உதறல் மிகக் குறைவு. உதறலை அடக்கும் டாம்பர் ஒன்றைத் தண்டுக்குப் பொருத்தியதும் அதுவும் அடங்கியது. ஆகவே ஐம்பத்தைந்தே முடிவாயிற்று. நீண்ட துளைக் கரங்களைக் கழற்றிப் போட்டு, வட்டத் துளையிட்ட புதிய கரங்களைப் பூட்டினார் மிஸ்திரி. சாலையில் செல்லும் வண்டியில் முன் அச்சு நகரக்கூடிய துளை இருக்கலாகாது.

முன்புறம் மட்டும் போதாது

முன்புறத்தைச் சீர்செய்த பிறகும் சைடுகாரின் இருப்பு சரியில்லையென்றால் வண்டி ஒரு பக்கமாகவே இழுக்கும். நம் நாட்டில் சாலையின் இடப்புறம் செல்வதால் சைடுகாரும் இடப்புறமே. வேகம் கூட்டும்போது அதன் எடை பின்தங்குவதால் வண்டி இடப்பக்கம் இழுக்கும். பிரேக் பிடித்தால் அது முன்னே ஓட முயல்வதால் வலப்பக்கம் திரும்பும். இதை ஓரளவு சமன்செய்ய, சைடுகார் சக்கரத்தின் முன்பக்கம் மோட்டார் சைக்கிளை நோக்கிச் சற்றே திரும்பியிருக்க வேண்டும். இரு நீண்ட நேர்ச் சட்டங்களை இருபுறச் சக்கரங்களோடும் ஒட்டிவைத்து, முன்னால் உள்ள இடைவெளி பின்னால் உள்ளதைவிட 10 முதல் 20 மி.மீ. குறைவாக இருக்கும்படி அமைப்பார்கள். நாங்கள் 15 வைத்தோம். மோட்டார் சைக்கிளும் சைடுகாருக்கு எதிர்ப்புறமாக ஒரு டிகிரி அளவு சாய்ந்து நிற்க வேண்டும்; ஓட்டுபவரும் பயணியும் அமர்ந்ததும் அது ஏறத்தாழ நிமிர்ந்துகொள்ளும்.

ஓட்டுவோர் நினைவில் வைக்க வேண்டியது ஒன்று: இடப்பக்க வளைவில் வேகமாகத் திரும்பினால் சைடுகார் சக்கரம் தரையை விட்டு எழும்பும். தொட்டி காலியாக இருக்கும்போது இந்த ஆபத்து மிகுதி. ஹாண்டில் இலேசாகிவிட்டது என்பதற்காக இயற்கையின் சட்டம் இலேசாகிவிடவில்லை.

அரசின் சட்டத்தையும் மறக்கலாகாது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், கழற்றக்கூடிய சைடுகாரையும் சேர்த்தே மோட்டார் சைக்கிள் என்று வரையறுக்கிறது. அதே சட்டத்தின் 52-ஆம் பிரிவு, வண்டியை மனம்போனபடி மாற்றுவதைத் தடுக்கிறது. பெரியவர் வரைபடத்தையும் சோதனை விவரத்தையும் வைத்து விண்ணப்பித்து, வண்டியைக் காட்டி, எழுத்து மூலமான அனுமதி வந்த பிறகே சாலையில் இறக்கினார். மேலும், ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளைப் பழம்பெருமை வாகனமாகப் பதிவு செய்ய 2021-இல் விதிகள் வந்துள்ளன. அந்தப் பதிவுக்கு வண்டி தன் ஆதி உருவிலேயே இருக்க வேண்டும். பதிவு பெற்றதை அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டவும் முடியாது. ஆகவே பழைய வண்டி வைத்திருப்போர் முதலில் ஒரு கேள்விக்கு விடை காண வேண்டும்: இது காட்சிக்கா, வாழ்க்கைக்கா? காட்சிக்கென்றால் ஒரு திருகாணியையும் தொட வேண்டாம். வாழ்க்கைக்கென்றால், பழைய பாகங்களைச் சாக்கில் கட்டிக் காப்பாற்றி வையுங்கள்; நாளை ஒருவர் அதனைப் பழைய உருவுக்குக் கொண்டுவர விரும்பினால் வழி திறந்தே இருக்கட்டும். மிஸ்திரியின் இரு நிபந்தனைகளுக்கும் பொருள் இதுவே.

பெரியவர் வண்டியை விற்கவில்லை. அவருடைய தோள் முற்றும் குணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். நோய் தீர்ப்பது போர்க்கின் வேலை அன்று. ஆனால் வாரம் ஆறு நடையும் தவறாமல் நடக்கின்றன. சைனும் கோசைனும் தேர்வுக்கு மட்டுமே என்று எண்ணியிருந்த என் அறைத்தோழர் ஒருவர் இப்போது கோணமானியும் கையுமாக அலைகிறார்.

முன்புறத்தின் வரைபடப் படி ஒன்றைச் சங்க நூலகத்தில் வைத்திருக்கிறேன். வேண்டுவோர் பார்த்துக்கொள்ளலாம். அதிலுள்ள அளவுகள் அந்த ஒரு வண்டிக்கே உரியவை. தம் வண்டியைத் தாமே அளந்து, கணக்கிட்டு, அனுபவமுள்ள ஒரு மிஸ்திரியின் கண்ணுக்கும் காட்டாமல் எவரும் அவற்றைக் கையாள வேண்டாம் என்று நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.